பூட்டி வைத்த பேட்டரி

கடலூரில் புயலுக்குப் பஞ்சமில்லை. மழைக்காலம் வந்தால் நாள்கணக்கில் கரண்ட் இருக்காது. அதனால் ஒரு சின்ன அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் கூடிப் பேசி, கீழ்த்தளத்து அறையில் பொதுவாக ஒரு பெரிய பேட்டரி வைத்தார்கள். பொருத்த வந்தவர் புறப்படும்போது, சங்கச் செயலாளர் வரதனிடம், "சும்மா போட்டு வெச்சிடாதீங்க சார். அப்பப்போ சார்ஜ் ஏத்தி ஓட்டலேன்னா செத்துப்போயிடும்" என்றார். பக்கத்தில் நின்ற கோமளவல்லியின் காதிலும் அது விழுந்தது.

அவளுக்கு அந்த பேட்டரி மேல் ஒரு கண். கணவர் சாரங்கனுக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்ஸிஜன் மிஷின் இல்லாமல் மூச்சு ஓடாது. வீட்டிலிருந்த சிலிண்டர் கொஞ்ச நேரமே தாங்கும். இது வெளியே யாருக்கும் தெரியாது. மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். "வீட்டுல யாருக்கும் சீக்கு இல்லையே?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டபோது, இல்லையென்று தலையாட்டிவிட்டாள். மிஷின் சத்தத்தை ஏர்கூலர் என்று அக்கம்பக்கத்தை நம்பவைத்தாள். மார்கழியிலும் அந்தக் கூலர் ஓடியது.

இதற்குள் பேட்டரி கரண்ட்டில் யாருக்கு எவ்வளவு என்று சண்டை மூண்டது. மாடிவீட்டுப் பரஞ்சோதி, "எல்லாருக்கும் சமமா குடுங்க, இல்லேன்னா யாருக்கும் வேணாம்!" என்று குதித்தார். தலைவலி தாங்காத வரதன், "நீங்க ஒரு முடிவுக்கு வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சுவிட்சை அணைத்து அறையைப் பூட்டினார். அந்தப் பூட்டைக் கடக்கும்போதெல்லாம் கோமளவல்லிக்குப் பொருத்த வந்தவர் சொன்னது நினைவுக்கு வரும். திறக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று பேசாமல் படியேறிவிடுவாள்.

அடுத்த மழைக்காலத்தில் புயல் வந்தது. கரண்ட் போனது, சிலிண்டரும் தீர்ந்தது. மரங்கள் சாய்ந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் வர வழியில்லை. கோமளவல்லி ஓடிப்போய் வரதன் வீட்டுக் கதவைத் தட்டி, அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அறையைத் திறந்து பார்த்தால் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. சற்று நேரத்தில் சாரங்கனும் போய்விட்டார்.

சண்டை போட்டவர் பரஞ்சோதி, பூட்டியவர் வரதன், மறைத்தவள் கோமளவல்லி. இந்த மூவரில் பெரும்பழி யாருடையது? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: பரஞ்சோதிக்கு எதுவுமே தெரியாது. பேட்டரி சாகும் என்று வரதனுக்குத் தெரியும். அதை நம்பி ஓர் உயிர் இருப்பது தெரியாது. இரண்டும் தெரிந்தவள் கோமளவல்லி ஒருத்திதான். பெரும்பழி அவளுடையது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்த பரஞ்சோதிதான் குலுங்கிக் குலுங்கி அழுதார்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பங்கையும் சேத்து விட்டுக்குடுத்திருப்பேனேம்மா."