பத்து மணி மூச்சு

வார்டில் இருந்த முப்பத்தாறு நோயாளிகளின் சார்ட்டையும் மேசையில் பரப்பி, மூச்சு எழுதும் கட்டத்தின் மேல் விரலை வைத்து, ஹெட் நர்ஸ் எமரன்சியா சிஸ்டர் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனார். இருபது. இருபது. இருபது.

எதிரே பாக்கியமணி நின்றாள். தோளில் பை. அவளுடைய காலை டியூட்டி முடிந்து அரைமணி ஆகியிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ரிட்டையரான கண்டக்டர் தலையைத் தூக்கினார்.

"என்ன சிஸ்டர், எல்லாருக்கும் ஒரே மார்க்கா? நான் பாஸா, ஃபெயிலா?"

"பேசாம படுங்க. பாஸானா வீட்டுக்கு அனுப்பிருவோம்."

அவர் சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினோராவது சார்ட்டில் விரல் நின்றது. அதிலும் பத்து மணிக்கு நிமிஷத்துக்கு இருபது மூச்சு, நோயில்லாத ஆளுக்கு இருப்பதுபோல. அந்தக் கட்டிலில் நிமோனியாவோடு கிடந்த லோடுமேன் சுடலைமுத்து ஒரு மணிக்கு இறந்துபோனான். டாக்டர் சார்ட்டைப் பார்த்தார், இருபது என்றிருந்தது, இறப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பாக்கியமணி தானாக வந்துதான் சொன்னாள். காய்ச்சல் பார்த்தாள். நாடி பார்த்தாள். பிரஷர் பார்த்தாள். மூச்சை மட்டும் எண்ணவில்லை. முப்பத்தாறு பேரின் நெஞ்சையும் ஆளுக்கு ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நிற்க இரண்டு நர்ஸால் ஆகாது. அந்தக் கட்டம் வந்தால் கை தானாக இருபது போட்டுவிடும். அந்த வார்டில் எல்லாருடைய கையும் அப்படித்தான்.

சுடலைமுத்துவின் மனைவி போகும்போது பாக்கியமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்கம்மா என்றாளாம்.

பாக்கியமணி பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சார்ட்டுகளின் மேல் வைத்தாள். விருப்ப ஓய்வு கேட்டு எழுதிய விண்ணப்பம்.

சிஸ்டர் அதைத் தொடவில்லை.

"எத்தனை வருஷம் ஆச்சு உனக்கு?"

"இருபத்திரண்டு."

இருபத்திரண்டு வருஷத்தில் முதுகு போயிற்று. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருந்தது மூன்று தடவை. மகன் முதல் அடி எடுத்து வைத்ததை மாமியார் சொல்லித்தான் தெரியும். டவுன்பஸ்ஸில் மட்டும் எங்கிருந்தாவது பழைய நோயாளி ஒருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுப்பார். எந்த வருஷம், எந்தக் கட்டில் என்று அவளுக்கு ஞாபகம் வராது. சிரித்துவிட்டு உட்காருவாள். இனிமேல் அந்த இடத்தில் உட்கார முடியாது என்றாள்.

"நான் எண்ணியிருந்தா பிழைச்சிருப்பானா, சிஸ்டர்?"

"தெரியாது."

"ஏதாவது சொல்லுங்க."

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"நீ எண்ணாம எழுதறது எனக்குத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும்."

"பிறகு ஏன் ஒரு தடவைகூடக் கேக்கல?"

சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வேலைக்கு வந்து ஆறாவது வருஷம், குழந்தைகள் வார்டில் ஒரு பிள்ளைக்குத் தானும் இப்படி எண்ணாமல் எழுதியதாகச் சொன்னார். சாயங்காலம் அதற்கு மூச்சுமுட்டி உதடு நீலம் பாரித்துவிட்டது. டாக்டர் படியில் விழுந்தடித்து ஓடிவந்தார்.

"செத்துருச்சா?"

"பிழைச்சுக்கிட்டது."

"அப்புறம்?"

"பிழைச்சுக்கிட்டதுனால நானும் அப்படியே எழுதிக்கிட்டு வந்தேன்."

வார்டின் கடைசியில் யாரோ இருமி ஓய்ந்தார்கள். சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விண்ணப்பத்தை எடுத்தார். அடிவரை படித்தார்.

"உடல்நிலை காரணமாகன்னு எழுதியிருக்கே. முதுகுவலிக்காகவா போற?"

"இல்ல."

"அப்ப இதுவும் இருபதுதான்."

சிஸ்டர் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, பதினோராவது சார்ட்டை அவள் பக்கம் திருப்பினார். அதன் மேல் பேனாவை வைத்தார். சார்ட்டில் எழுதியது தப்பானால் சுரண்டவோ கிறுக்கவோ கூடாது. தப்பு படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். மேலே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கீழே பெயரும் நேரமும். எல்லா நர்ஸும் முதல் வாரத்தில் படிப்பது அது.

"சரியானது என்னன்னு எனக்கே தெரியாதே, சிஸ்டர்."

"தெரிஞ்சதை எழுது."

"விசாரணை வரும்."

"வரட்டும்."

"உங்களையும் கூப்பிடுவாங்க. ரிட்டையராக இன்னும் நாலு மாசம்தான் இருக்கு உங்களுக்கு."

"என்னைத்தான் முதல்ல கூப்பிடணும்."

பாக்கியமணி பேனாவை எடுத்து இருபதின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் எண்ணவில்லை என்று எழுதினாள். பெயர் எழுதினாள். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நாற்பது என்று எழுதினாள். அதற்குக் கீழே சிஸ்டர் தன் பெயரை எழுதி, அடுத்த சார்ட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அதிலும் ஒரு கோடு. அதற்கடுத்ததிலும். முப்பத்தாறும் முடிய மூன்று மணிக்கு மேலாகிவிட்டது.

"சுடலைமுத்து சம்சாரத்துகிட்ட யார் சொல்றது?" என்று பாக்கியமணி கேட்டாள்.

"மார்ச்சுவரி வாசல்லதான் இருப்பா. உடம்பு குடுக்க அஞ்சு மணியாகும்."

"நான் போறேன்."

"ரெண்டு பேரும் போவோம். பதினோராம் கட்டிலுக்குப் புது ஆள் வருதாம், விரிப்பு போட்டுட்டுப் போவோம்."

வார்டு ஆயா சாப்பிடப் போயிருந்தாள். சிஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அலமாரியிலிருந்து வெளுத்த விரிப்பு ஒன்றை எடுத்துப் போய்ப் பதினோராம் கட்டிலின் மேல் உதறினார். பாக்கியமணி பையைத் தரையில் வைத்துவிட்டு, மறுபக்கம் போய் விரிப்பின் முனையைப் பிடித்து, மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகினாள்.