அறுபத்துநாலு கிலோ எங்கிருந்து வந்தது

"இதுக்கு மேல வண்டியில எதைங்க மாஸ்டர் கழட்டறது?" என்று கேட்டார் ஈஸ்வரமூர்த்தி.

மாஸ்டர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். டிக்கியை ஒருமுறை தட்டினார். பதில் மட்டும் சொல்லவில்லை.

மாஸ்டர் என்றதும் நரைத்த மீசையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பெயர் பர்வீன், முப்பத்தொரு வயதுப் பெண். கோவை கணபதியில் ஒரு சந்துக்குள் அவருடைய கராஜ் இருந்தது. பந்தயக் கார் ஓட்டுகிற பெரிய ஆட்கள்கூட அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது என்பதும் ஊரறிந்த விஷயம்.

ஈஸ்வரமூர்த்திக்கு ஐம்பத்துநாலு வயது. தண்ணீர் பம்புக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறை வைத்திருந்தார்.

அவருடைய கார், தினமும் பட்டறைக்குப் போய்வருகிற சின்னக் கார்தான். ஆனால் எஞ்சினிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொன்றாக மாற்றியிருந்தார். பார்க்கச் சாது. மிதித்தால் பக்கத்தில் இருப்பவர் சாமி பெயரைச் சொல்ல ஆரம்பிப்பார்.

ஊரில் ஒரு கார் கிளப் இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள், மலைமேல் உள்ள தேயிலை எஸ்டேட் ஒன்று தன் சொந்த ரோட்டை அரைநாள் மூடி அவர்களுக்குத் தரும். பதினெட்டு கிலோமீட்டர் ஏற்றம். யார் எத்தனை நிமிஷத்தில் ஏறினார்கள் என்று பார்ப்பார்கள். கோப்பை கிடையாது, மாலை கிடையாது. மேலே போனால் ஒரு டீ கிடைக்கும்.

காரை லாரியில் ஏற்றி வரக் கூடாது, வீட்டிலிருந்து ஓட்டி வர வேண்டும். அடிவாரத்தில் ஓட்டுகிறவர் இறங்கிக்கொள்ள, கார் எடை மேடையில் நிற்க வேண்டும். சின்ன வண்டி என்றால் எண்ணூற்று எழுபது கிலோவுக்குள் இருக்க வேண்டும். மேடையில் நின்ற கோலத்தில்தான் மலை ஏற வேண்டும், அதற்குப் பிறகு ஒன்றையும் ஏற்றவோ இறக்கவோ கூடாது.

இவ்வளவும் கூடப் பரவாயில்லை. ஐம்பத்தைந்து முடிந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்றும் ஒரு விதி இருந்தது.

இருபது வருஷமாக ஈஸ்வரமூர்த்தி ரோட்டோரம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் விட்டால் பிறகு எந்த வருஷமும் இல்லை. அதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது. இந்த வயதில் இதற்குப் போய் அழுகையா என்று சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

அவருடைய கார் தொள்ளாயிரத்து அறுபது கிலோ இருந்தது.

காரைக் கொண்டுபோய்க் காட்டிய முதல் நாள் மாஸ்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எண்ணூத்தி எழுபதுக்குக் கொண்டு வாங்க சார். மத்ததை நான் பாத்துக்கறேன்."

மூன்று மாதம் ஈஸ்வரமூர்த்தி கழற்றினார். டிரைவருக்குப் பக்கத்து சீட் போயிற்று, பின் சீட் போயிற்று. ஏசி போயிற்று. ஸ்டெப்னி, பாட்டுப் பெட்டி, கதவின் உள் அட்டைகள் எல்லாம் போயின. தரையில் சத்தம் வராமல் ஒட்டியிருந்த தார் அட்டையை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உளியால் செதுக்கி எடுத்தார். கையெல்லாம் கொப்புளம்.

கழற்றிய ஒவ்வொன்றையும் பட்டறைத் தராசில் நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் எழுதினார். கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்று நாலு கிலோ. அன்று அவர் சந்தோஷத்தில் பட்டறை ஆட்களுக்கெல்லாம் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் மாஸ்டர் நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எடைப் பலகையைத் தள்ளினார்.

தொள்ளாயிரத்து முப்பது காட்டியது.

பலகை தப்பு என்று ஈஸ்வரமூர்த்தி லாரி எடை மேடைக்குப் போனார். பஞ்சு லாரிக்கும் இரும்பு லாரிக்கும் நடுவில் வெட்கத்தோடு காரை நிறுத்தினார். தொள்ளாயிரத்து முப்பது. இன்னொரு மேடைக்குப் போனார். அங்கேயும் அதே.

மண்டை குழம்பிப் போனது. சுவரில் எழுதியதை நாலு தடவை கூட்டினார். பம்பு செய்கிறவருக்கு ஒரு கூட்டல் வராதா? தராசை ஆள் வைத்துச் சரிபார்த்தார். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

அப்படியே கிளம்பி வந்துதான் மாஸ்டரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். மாஸ்டர் சுற்றி வந்து டிக்கியைத் தட்டியதும், மறுபடியும் கேட்டார்.

"தொண்ணூத்தி நாலு எடுத்தனுங்க. முப்பதுதான் குறைஞ்சிருக்குது. மிச்சம் அறுபத்துநாலு கிலோ எங்கிருந்துங்க வந்துச்சு?"

மாஸ்டர் கையை நீட்டினார். "பதினாலாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?"

ஈஸ்வரமூர்த்தி டிக்கியைத் திறந்து, பெட்டியைத் திறந்து, பதினாலைக் கொடுத்தார்.

"டார்ச்?"

கொடுத்தார்.

"தண்ணி?"

"குடிக்கவா, ரேடியேட்டருக்காங்க? ரெண்டுக்கும் தனித்தனியா இருக்குது."

மாஸ்டர் ஃபேன் பெல்ட் கேட்டார். மூன்று இருந்தது. வண்டியைக் கட்டி இழுக்கக் கயிறு கேட்டார். நைலானா, இரும்பா என்று இவர் திருப்பிக் கேட்டார். தலைவலி மாத்திரை இருந்தது. இன்னொரு பேட்டரியே இருந்தது.

"குடை?"

ஈஸ்வரமூர்த்தி முகம் வாடிவிட்டது. "குடை இல்லைங்களே."

"சரி சார். போய்ட்டு வாங்க" என்று மாஸ்டர் உள்ளே போய்விட்டார்.

ஈஸ்வரமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. வீடு வரை யோசித்துக்கொண்டே போனார். கடைசியில் அவருக்குத் தோன்றியது இதுதான்: மாஸ்டர் தன்னைப் பரிசோதித்திருக்கிறார், எல்லாவற்றிலும் தேறிவிட்டோம், குடையில் கோட்டை விட்டுவிட்டோம்.

மறுநாள் கடைக்குப் போய் இரண்டு குடை வாங்கி டிக்கியில் வைத்தார். ஒன்று மாஸ்டருக்காக.

அவரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டெப்னியை எடுத்த அன்றே, பங்சர் ஆனால் என்ன செய்வது என்று ஒட்டுகிற சாமானும் காற்றடிக்கிற மெஷினும் வாங்கி வைத்தார். வண்டி சூடாகி நின்றால் வேண்டுமே என்று தண்ணீர் கேன் வைத்தார். பின் சீட் போனதில் டிக்கி பெரிதாகிவிட்டதா, டூல்ஸ் பெட்டி அங்கே உட்கார்ந்துகொண்டது. இதையெல்லாம் அவர் வண்டி என்று நினைக்கவே இல்லை. வண்டி வேறு, சாமான் வேறு. பட்டறை வைத்திருக்கிறவர்கள் அப்படித்தான் பிரிப்பார்கள்.

கிளப் நாள் வந்தது. விடியற்காலையில் கிளம்பி, ஏசி இல்லாத காரில் வியர்த்து வழிந்தபடி அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மாஸ்டர் வேறு இரண்டு வண்டிகளுக்காக முன்பே வந்திருந்தார்.

எடை மேடைக்காரர் சீட்டை நீட்டினார். தொள்ளாயிரத்து முப்பது.

"அரை மணி நேரத்துல மேடையை மூடிடுவோம் சார். குறைச்சுட்டு வந்தீங்கன்னா இன்னொருதடவை போட்டுப் பாக்கலாம்" என்றார் அவர்.

ஈஸ்வரமூர்த்தி மேடையை விட்டு இறங்கி, புளியமரத்தடியில் காரை நிறுத்தினார். மூன்று மாதம், ஐம்பத்துநாலு வருஷம், எல்லாம் அந்தச் சீட்டில் இருந்தது.

மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். இந்தமுறை சுற்றி வளைக்காமல் பேசினார்.

"டிக்கியில இருக்கறதையெல்லாம் இறக்கி வைங்க சார்."

"அதெப்படிங்க? மேல பூரா காடு. ஃபோன்கூட எடுக்காது. நடுவுல நின்னுட்டா?"

"நின்னா என்ன?"

ஈஸ்வரமூர்த்தி டிக்கி மேல் கையை வைத்துக்கொண்டார். வேறு எதையோ பேசுவதுபோல ஆரம்பித்தார்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான இரண்டாம் வருஷம், மனைவி சிவகாமியை வேறொரு மலைக்குக் கூட்டிப் போனார். பாதி வழியில் பெல்ட் அறுந்து வண்டி நின்றுவிட்டது. மழை. கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. அவளை உள்ளே உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றச் சொல்லிவிட்டு, மெக்கானிக்கைத் தேடி நடந்தார். திரும்பி வர ஐந்து மணி நேரம் ஆனது. வந்து பார்த்தால் அவள் சீட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை.

"தனியா உட்காந்து அழுதிருக்கறாங்க. காட்டு ரோட்டுல அஞ்சு மணி நேரம்" என்றார். "அந்தக் கண்ணு எனக்கு இன்னும் போகலைங்க."

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாஸ்டர் கேட்டார், "அழுதாங்களான்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"அதைப் போயி எப்படிங்க கேக்கறது?"

மாஸ்டர் தன் ஃபோனை நீட்டினார்.

ஈஸ்வரமூர்த்தி திருதிருவென விழித்தார். எடை கேட்டு வந்த இடத்தில் இது என்ன கூத்து என்று இருந்தது. மேடைப் பக்கம் பார்த்தார். அங்கே கடைசி வண்டி நின்றுகொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல் நம்பரைப் போட்டார்.

சிவகாமி எடுத்தாள். முதலில் அவளுக்கு எந்த நாள் என்றே பிடிபடவில்லை. பெல்ட் அறுந்த நாள், மழை பெய்த நாள் என்று அடையாளம் சொல்லிக்கொண்டே போனார்.

"ஓ, அன்னைக்குங்களா" என்று சிரித்தாள். "எங்கங்க அழுதேன், தூங்கினேன். உங்க வீட்டுல அப்ப பதினோரு பேரு. வாக்கப்பட்டு வந்ததுல இருந்து ஒரு நாளாச்சும் பகல்ல கண்ண மூட விட்டாங்களா? எழுப்ப ஆளில்லாம அஞ்சு மணி நேரம் தூங்கினேன். நீங்க கதவத் தட்டற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியாது."

ஈஸ்வரமூர்த்தி திரும்பி டிக்கியைப் பார்த்தார்.

"இருக்கறீங்களா?" என்றாள்.

"ம்."

"நானே கேக்கோணும்னு இருந்தேன். ஏனுங்க, அதுக்கப்புறம் நம்ம வண்டி ஏன் ஒருதடவகூட நிக்கவே இல்ல?"

அவர் ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். டிக்கியைத் திறந்து, பேட்டரியைத் தூக்கிப் புளியமரத்தடியில் வைத்தார். தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தார். டூல்ஸ் பெட்டியை இரண்டு கையாலும் இழுத்தார்.

"சொல்லுங்க" என்றாள் சிவகாமி. "ஏன் நிக்கல?"