ஞானசௌந்தரி விட்ட ஏலம்

எங்கள் பங்குப் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகியது. புதுக் கூரை போடாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மாதா கோயில் திருவிழா ஏலத்தில் சேவலும் தேங்காயும் விற்றுப் பணம் சேர்க்கப் பார்த்தோம்.

மரக்கடை ராயப்பன் முன்வரிசையில் சாய்ந்துகொண்டு சிரித்தார். அந்தப் பள்ளியில் படித்த மனுஷன்தான். ஆனால் பள்ளி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட ஆசை.

"தேங்காய் வித்து எப்போ கூரை போடுறது? ஒரே பொருளை வித்துக் கூரைக்காசை எடுத்துக் காட்டுங்க. இல்லேன்னா இடத்தை எனக்குக் கொடுங்க" என்றார். பங்குச் சாமியார் மைக்கைக் கீழே வைத்தார்.

பள்ளி ஆயா ஞானசௌந்தரி துடைப்பத்தைப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"ஒரு கதையை ஏலம் விடுறேன். ராயப்பன் ஐயாவை அஞ்சாங்கிளாஸ்ல ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் எதுக்கு முட்டி போட வச்சாங்க? ஏலம் எடுக்கிறவங்க காதுல மட்டும் சொல்வேன்."

"ஐயாயிரம்!" முதல் குரல் அவர் சம்சாரம் பிலோமினாவுடையது.

"பத்தாயிரம்!" ராயப்பன் துள்ளி எழுந்தார். "ஏய், உட்காருடி!"

"இருபது! கல்யாணம் ஆனதிலேர்ந்து கேக்கிறேன், சொல்ல மாட்டேங்கிறீங்களே!"

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்காத பொம்பளை இல்லை. இரண்டு பேரும் ஒரே பெட்டிப் பணத்தை வைத்துத்தான் மல்லுக்கட்டினார்கள். கூரைக்குத் தேவையான மூன்று லட்சத்தை ராயப்பன் கத்திய பிறகுதான் பிலோமினா உட்கார்ந்தாள்.

பணத்தைக் கட்டிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஆயா பக்கம் குனிந்தார். "உனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லலையே ஐயா. நான் வேலைக்குச் சேர்ந்ததே போன வருஷம்தான். இந்தப் பள்ளிக்கூடத்துல முட்டி போடாத பிள்ளை உண்டா? கதை உங்ககிட்டதான் இருக்கு. காசு கொடுத்து வாங்கியிருக்கீங்க, பத்திரமா வச்சுக்குங்க."