உம் கொட்டாம கேட்ட கதை

படுத்தாச்சா கபிலா? வாய் கொப்புளிச்சியா? சும்மா தலைய ஆட்டாத, விளக்க அணைச்சப்புறம் தலையாட்டினா அத்தைக்கு எப்படித் தெரியும்? ஆங், அப்படி வாயத் தொறந்து சொல்லு. கால எடுத்து என் இடுப்பு மேல போடாத, நாளைக்கு எழுந்து நடக்கணும் நான். இப்போ கதை சொல்றேன், நீ உம் கொட்டிக்கிட்டே வரணும். உம் நின்னா கதையும் நின்னுடும். சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு வாயாடி இருந்தா. பேரு கோகிலவாணி. ஆறரை வயசு. அந்த ஊரு எப்படின்னா, எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்புக்காடு. நடுவுல வெல்லம் காய்ச்சுற ஆலைக்கொட்டாய். பெரிய கொப்பரையில கரும்புச்சாறு தளபுள தளபுளன்னு நாள்பூரா கொதிக்கும். கோகிலா வாயும் அப்படித்தான், அடுப்பு அணையறதே இல்ல. "அம்மா, காக்கா ஏன் தலையச் சாச்சுப் பாக்குது? அப்பா, கரும்புக்கு ஏன் முட்டி இருக்கு? டீச்சர், உங்க வீட்ல இன்னிக்கு என்ன கொழம்பு?" பல்லு விளக்கறப்பக்கூட விடமாட்டா. பேசிப் பேசிச் சட்டையெல்லாம் நுரை.

ம்.

அவளுக்கு ஒரு அக்கா. பூங்கொடின்னு பேரு, பதினோரு வயசு. இவளுக்கு நேர் எதிர். வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமான்னு கேப்பாங்கல்ல, அந்த ரகம். ஆனா நான் ஒண்ணு சொல்றேன், அவ பேசாத புள்ள இல்ல. அவளுக்கு எடம் கெடைக்கல, அவ்வளவுதான். "பூங்கொடி, சாப்டியா?"ன்னு யாராச்சும் கேட்டா, அவ வாயத் தொறக்கறதுக்குள்ள இவ, "அக்கா ரெண்டு தோசை சாப்டா, ஒண்ணு கருகிடுச்சு, அத நாய்க்குப் போட்டுட்டா"ன்னு முடிச்சே வெச்சுருவா. அப்புறம் அந்தப் புள்ள என்னத்தச் சொல்லும்?

ம்.

அந்த அக்கா இடது பக்கமாவே மென்னு சாப்பிடுவா. வலது பக்கம், கீழ் வரிசையில, ஒரு பல்லு இல்ல. ஏன் இல்லன்னு கேளு. அவளுக்கு ஆறு வயசா இருக்கறப்போ கடைசியில ஒரு புதுப்பல்லு வந்துச்சு. ஒரு வருஷத்துக்குள்ள அதுல கருப்பா ஒரு புள்ளி. அவங்க அம்மா மல்லிகா பாத்துட்டு, "சின்னப் புள்ள பல்லுதான, பால்பல்லு, விழுந்து முளைக்கும் விடு"ன்னுட்டாங்க. புள்ளி குழியாச்சு. குழி வலியாச்சு. ஒருநா கன்னம் பூரி மாதிரி உப்பிப்போய், மூணு நாள் சோறு தண்ணி எறங்காம, டவுனுக்குத் தூக்கிட்டு ஓடி அந்தப் பல்லப் புடுங்கிட்டு வந்தாங்க. அப்போ அவளுக்கு எட்டு வயசு. அழுதாளான்னா அழல. அதான் எனக்குப் புடிக்கல. அழ வேண்டிய எடத்துல அழுதுடணும்.

ம்.

இங்க கோகிலாவுக்கு முன்பல்லு ரெண்டு விழுந்துச்சு. அந்த ஊர்ல பல்லு விழுந்தா என்ன பண்ணுவாங்கன்னா, சாணிய உருட்டி, அதுக்குள்ள பல்ல வெச்சு, கூரை மேல வீசிடுவாங்க. வீசறப்போ புதுப்பல்லு குடுன்னு கேக்கணும். கோகிலா கேட்டா, கேட்டா, அப்படிக் கேட்டா, பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்துட்டாங்க. சொத்துன்னு ஒண்ணு, சொத்துன்னு இன்னொண்ணு. ரெண்டு புதுப்பல்லும் மெதுவா எட்டிப் பாத்துச்சு. கணக்கு சரி.

அப்புறம் ஒருநா, வெல்லத்தக் கடிச்சுக்கிட்டே பேசிட்டிருக்கா, நாக்கு போய் வலது பக்கம் கீழ கடைசியில எதுலயோ இடிக்குது. தடவிப் பாத்தா, பல்லு! புதுசு! நல்லாப் பெருசு!

"அம்மா, பல்லே விழல, பல்லே வீசல, இது எப்படி வந்துச்சு?"

"பால்பல்லுதான் கண்ணு, விழுந்து முளைக்கும்"னு சொல்லிட்டு அம்மா வெல்லம் உருட்டப் போயிட்டாங்க. அதே வார்த்தை, பாத்தியா?

ம்.

அப்போ அந்த வாரமே பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேன் வந்துச்சு. பல்லு டாக்டர் வேன். உள்ள ஒரு சாய்வு நாற்காலி, மேல ஒரு விளக்கு, ரெஜினான்னு ஒரு டாக்டரம்மா. புள்ளைங்க எல்லாம் வரிசையில நின்னு ஆ காட்டினாங்க. கோகிலா ஆ காட்டறதுக்கு முன்னாடி, "இந்த வேனுக்கு எத்தன சக்கரம், நீங்க எங்க தூங்குவீங்க, ஊசி இருக்கா?"ன்னு மூணு கேட்டுட்டா. டாக்டரம்மா டார்ச்ச அடிச்சுப் பாத்தாங்க. பாத்துட்டு, "அம்மாவக் கூட்டிட்டு வா"ன்னாங்க. பூங்கொடியும் அதே பள்ளிக்கூடம்தான், அவதான் ஓடிப்போய் ஆலையிலேருந்து அம்மாவக் கூட்டிட்டு வந்தா. மல்லிகா கையெல்லாம் பாகு, பிசுக்குப் பிசுக்குன்னு.

டாக்டரம்மா சொன்னாங்க: "இது பால்பல்லு இல்லம்மா. இது எதுவும் விழாமலே, சத்தமில்லாம, ஆறு வயசுல கடைசியில வந்து உக்காரும். அதனாலதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க. இவ கெழவியாகற வரைக்கும் இதே பல்லுதான். போச்சுன்னா திரும்ப முளைக்காது."

மல்லிகா திரும்பி மூத்தவளப் பாத்தாங்க. பின்னாடி நின்னுட்டிருந்த பூங்கொடி மூஞ்சி என்னமோ மாதிரி ஆயிடுச்சு. கோகிலா அதப் பாத்தா. ஆனா டாக்டரம்மா கையில ஒரு குட்டிக் கண்ணாடிய எடுத்தாங்களா, இவ அக்காவ மறந்தே போயிட்டா.

ம்.

அந்தக் கண்ணாடியில கோகிலாவுக்கு அவ பல்லக் காட்டினாங்க. மேல பாத்தா ஒரே பள்ளமும் மேடும், கரும்புக்காட்டுப் பாத்தி மாதிரி. "இந்தப் பள்ளத்துக்குள்ள பிரஷ் முடிகூட போகாது, ஆனா உங்க ஊரு வெல்லம் போய் உக்காந்துக்கும்"னாங்க டாக்டரம்மா. "அதனால இதுக்குள்ள பிசின் மாதிரி ஒண்ண ஊத்தி, நீல லைட்டு காட்டி, கெட்டியாக்கி அடைச்சுருவோம். ஊசி இல்ல, துளை போடறது இல்ல. வலிக்கவே வலிக்காது. ஒரே ஒரு விஷயம். அது கெட்டியாகற வரைக்கும் பல்லு காஞ்சு இருக்கணும். எச்சில் படக்கூடாது. வாய மூடக்கூடாது. நாக்கு அசையக்கூடாது."

மல்லிகாவுக்கு டக்குனு புரிஞ்சுடுச்சு. "உறையப்போற பாகுல தண்ணி பட்டாப் போச்சு, அதானுங்க?"ன்னாங்க. "அதேதாம்மா"ன்னாங்க டாக்டரம்மா. அப்புறம் மல்லிகா கோகிலாவப் பாத்தாங்க. இவ நாக்கு அசையாம இருக்கறதா? தூங்கறப்பகூட இது பேசுற புள்ளையாச்சே!

அதுல இன்னொண்ணு வேற. நாலு மணிக்கு வேன் கெளம்பிரும். அப்புறம் அடுத்த வருஷம்தான். அதுக்குள்ள அந்தப் பள்ளத்துல என்ன குடியேறுமோ யாருக்குத் தெரியும்? அக்காவுக்கு ஒரே வருஷத்துலதான புள்ளி வந்துச்சு. கபிலா, தூங்கிட்டியா?

ம்ம்.

தூங்கல. சரி. மொதத் தடவ. கோகிலா சாஞ்சா. குட்டி பிரஷ் கிர்ர்ர்னு பல்லத் தேச்சுச்சு. நீலமா ஒரு மருந்து வெச்சாங்க, அப்புறம் தண்ணி சர்ர்ர்னு கழுவுச்சு, குழாய் சூர்ர்ர்னு எச்சில உறிஞ்சுச்சு, காத்து புஸ்ஸுன்னு காய வெச்சுச்சு. கன்னத்துல பஞ்ச உருட்டி வெச்சாங்க. பிசின எடுத்து ஊத்தப் போறாங்க, அப்போ கோகிலா, "அது ஏன் நீலமா இல்ல, வெள்ளையா இருக்கு?"ன்னா.

போச்சு. பஞ்சு வெளிய வந்து விழுந்துச்சு, பல்லு நனைஞ்சுடுச்சு. மறுபடியும் மொதல்லேருந்து.

ம்.

ரெண்டாவது தடவ மல்லிகா சொன்னாங்க, "டாக்டரம்மா, இவளுக்குக் கதைன்னா உசுரு. நான் கதை சொல்றேன், கேட்டுக்கிட்டே பேசாம கெடப்பா." நல்ல யோசனைதான. கிர்ர்ர், சர்ர்ர், சூர்ர்ர், புஸ்ஸு, எல்லாம் ஆச்சு. அம்மா ஆரம்பிச்சாங்க, "ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம்."

"ம்"னா கோகிலா.

எங்க, நீ ம் சொல்லு பாப்போம். சொன்னியா? ஒதடு என்ன ஆச்சு? ஒட்டிக்கிச்சுல்ல! அப்படித்தான் அவ வாயும் கபக்குனு மூடிக்கிச்சு. டாக்டரம்மா விரல் உள்ள மாட்டிக்கிச்சு. இவ வாய் மூட, அவங்க வாய் ஆன்னு தொறக்க, வரிசையில நின்ன புள்ளைங்க எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டாங்க. டாக்டரம்மாவும் சிரிச்சுட்டாங்க, விரல ஊதிக்கிட்டே. ஆனா மணி மூணே முக்கால். "இன்னும் ஒரே ஒரு தடவதாம்மா முடியும்"னாங்க.

அப்போதான் கோகிலாவுக்கு பயம் வந்துச்சு. நெஜமான பயம். அவளுக்கும் அந்தப் பல்லு வேணும்தான். வாய்தான் அவ பேச்சக் கேக்கல.

ம்.

அப்போ பின்னாடியிருந்து ஒரு குரல். "நான் சொல்றேன்."

யாருடான்னு எல்லாரும் திரும்பிப் பாத்தா, பூங்கொடி! வந்து நாற்காலிக்குப் பக்கத்துல நின்னா. தங்கச்சி கையப் புடிச்சா. "உம் கொட்டணும்னா இந்த விரலத் தூக்கு. வாய் வேண்டாம், விரல் போதும்"னா. கோகிலா விரலத் தூக்கினா. டாக்டரம்மா வேலைய ஆரம்பிச்சாங்க. கிர்ர்ர். சர்ர்ர். சூர்ர்ர். புஸ்ஸு.

"ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா"ன்னா பூங்கொடி. விரல் எழுந்துச்சு.

"அவளுக்கு ஒரு பல்லப் புடுங்கிட்டாங்க. அவ அத ஒரு பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்து, யாருக்கும் தெரியாம, சாணியில வெச்சுக் கூரை மேல வீசுனா. புதுப்பல்லு குடுன்னு மெதுவாக் கேட்டா." விரல் எழுந்துச்சு. பிசின் சொட்டு பல்லு மேல எறங்குச்சு.

"தெனமும் காலையில விரல விட்டுத் தடவிப் பாப்பா. வந்துருச்சா, வந்துருச்சான்னு. ஒரு மாசம் பாத்தா. ஒரு வருஷம் பாத்தா. நாமதான் சத்தமாக் கேக்கல போலன்னு நெனச்சுக்கிட்டா." விரல் எழுந்துச்சு. நீல லைட்டு எரிஞ்சுது.

"மூணு வருஷம் பாத்தா. இன்னிக்குக் காலையிலகூடப் பாத்தா. இன்னிக்கு மத்தியானம்தான் அவளுக்குத் தெரிஞ்சுது, அது வராதுன்னு."

மல்லிகா பாகுக் கையோட முந்தானைய எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டாங்க. கோகிலாவுக்கு அந்த நிமிஷம் அக்காகிட்ட என்னென்னமோ சொல்லணும்போல இருந்துச்சு. நாக்குல வந்து முட்டுது. விரல மட்டும் தூக்கினா. தூக்கி, கீழ எறக்கவே இல்ல. கண்ணுலேருந்து தண்ணி பொலபொலன்னு காதுக்குள்ள எறங்குச்சு. வாய்க்குள்ள பல்லு மட்டும் காஞ்சபடியே இருந்துச்சு.

பீப்! லைட்டு நின்னுச்சு. டாக்டரம்மா குச்சியால டிக் டிக்னு தட்டிப் பாத்தாங்க. கல்லு மாதிரி கெட்டி. "ஆச்சு. தெனமும் ரெண்டு வேள பல்லு விளக்கணும், அடுத்த வருஷம் இது ஒட்டியிருக்கான்னு பாக்க வரணும். மத்த மூணு எடத்துலயும் இதே மாதிரி பல்லு வரும், அதுக்கும் போட்டுரலாம்"னாங்க.

ம்.

பஞ்ச எடுத்தாச்சு. எல்லாரும் காதப் பொத்திக்கத் தயாரா நிக்கிறாங்க, இப்போ மடை தொறக்கும்னு. கோகிலா எழுந்து உக்காந்தா. அக்காவப் பாத்தா. ஒரே ஒரு வார்த்ததான் கேட்டா.

"அப்புறம்?"

பூங்கொடிகிட்ட யாரும் அப்புறம்னு கேட்டதே இல்லையே! அவ மெதுவா சொன்னா, "அப்புறம், அவ தங்கச்சிக்கு அதே பல்லு வந்துச்சு. அது பத்திரமா இருந்துச்சு."

சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டா. மூணு வருஷத்து அழுகை. மல்லிகா ரெண்டு பேரையும் சேத்து அணைச்சுக்கிட்டு, "எனக்குத் தெரியல கண்ணு, எனக்குத் தெரியாமப் போச்சு"ன்னாங்க. மூணு பேர் மேலயும் பாகு. பிசுக்குப் பிசுக்குன்னு.

அதுக்கப்புறம் அந்த வீட்ல சாயங்காலம் ஆனா பூங்கொடிதான் கதை சொல்லுவா, கோகிலா உம் கொட்டுவா. பகல்ல மட்டும் பழைய தளபுளதான், அத யாரு நிறுத்த முடியும்? ஆனா யாராச்சும் "பூங்கொடி, சாப்டியா?"ன்னு கேட்டா, கோகிலா ரெண்டு கையாலயும் தன் வாயப் பொத்திக்கிட்டு, அக்கா பதில் சொல்ற வரைக்கும் நிப்பா.

நாளைக்குப் பத்து மணிக்கு உனக்கும் அதே நாற்காலிதான், அதே நீல லைட்டுதான். அத்தை பக்கத்துலயே நிப்பேன். என்ன, சத்தத்தக் காணோம்? கபிலா? உம் நின்னா கதை நின்னுடும்னு சொன்னேன்ல?

அட, இருட்டுல என் மூக்க யாரு குத்துறது? விரலா? வாய் ஆன்னு தொறந்திருக்கா? அடி என் சமத்தே, இன்னிக்கே பழகுறியா? சரி சரி, விரலக் கீழ எறக்கு, வாய மூடிக்கோ, கொசு போயிடும்.

பாகும் உறைஞ்சுது, கதையும் முடிஞ்சுது. தூங்கு.