முட்டி உயரம்

கோல்ஃப் நடுவரிடம் விசில் இருக்கும் என்று பரவலாக நம்பப்படுகிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல, துணைவேந்தர்களே நம்புகிறார்கள். இந்தப் பிழையால் இதுவரை எந்த அரசும் கவிழவில்லை என்றாலும், அதைத் திருத்தாமல் விடுவது முறையாகாது. விசில் கிடையாது. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எதுவும் கிடையாது. தலையில் ஒரு தொப்பி, பையில் ஒரு விதிப் புத்தகம், இடுப்பில் ஒரு வாக்கி டாக்கி. அவ்வளவுதான்.

மேற்குமலை அமெச்சூர் கோல்ஃப் சங்கத்தில் அப்படி நான்கு நடுவர்கள் இருந்தார்கள். தலைமை நடுவர் சுகிர்தா. வயது நாற்பத்து மூன்று. வார நாட்களில் பல் மருத்துவர்.

அவரிடம் நடுவர் வேலை கற்றுக்கொள்ள வந்த சீடர் தாணுமாலயன். வயது அறுபத்தாறு. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி.

சங்கத்தின் வருடாந்திரப் போட்டி இரண்டு நாள் நடக்கும். அறுபது ஆட்டக்காரர்கள், மூன்று மூன்று பேராக ஆடுவார்கள். குறைந்த அடிகளில் ஆடி முடிக்கும் முதல் நால்வர் மாநில அணிக்குப் போவார்கள்.

முதல் நாள் காலை நீதிபதி கேட்டார். “அறுபது பேர். நாலு நடுவர். நாம இல்லாத இடத்துல யார் பார்த்துக்குவாங்க, டாக்டர்?”

“அவங்களே.”

“ஸ்கோரை யார் எழுதறது?”

“கூட ஆடறவர். இவர் கார்டு அவர் கையில, அவர் கார்டு இவர் கையில.”

“எதிராளி கையிலயா?”

“ஆமாம் சார்.”

நீதிபதி சிரித்தார். “முப்பத்தோரு வருஷம் பெஞ்சுல இருந்தேன். இப்படி விட்டிருந்தா ஜெயிலே காலியாயிருக்கும்.”

“காலியா இருந்தா நல்லதுதானே சார்,” என்றார் சுகிர்தா.

பதினேழாவது குழிக்குப் போகும் வழியில் காட்டெருமைகள் புல்லை மிதித்துச் சேறாக்கியிருந்தன. சங்கம் அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு வளையம் போட்டிருந்தது. வளையத்துக்குள் பந்து விழுந்தால் ஆட்டக்காரர் அதை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். கையிலிருந்து கீழே விட்டு, விழுந்த இடத்திலிருந்து ஆடலாம். முன்பெல்லாம் தோள் உயரத்திலிருந்து விட வேண்டும். சில வருடங்களுக்கு முன் விதி மாறியது. இப்போது முட்டி உயரம். பழக்கத்தில் தோளிலிருந்து விட்டுவிட்டாலும் குற்றமில்லை. அடிப்பதற்கு முன் எடுத்துத் திரும்பச் சரியாக விட்டால் போதும். அடித்துவிட்டால்தான் ஓர் அடி தண்டனை.

நீதிபதி அந்த இடத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். வளையத்திலிருந்து பத்தடியில் பருத்த கற்பூர மரம் ஒன்று இருந்தது. அதன் பின்னால் நின்றார்.

மதியம் பெள்ளன் வந்தார். தேயிலை ஆலையில் டீ மேக்கர். வயது நாற்பத்து நான்கு. மாநில அணிக்கு ஆறு முறை முயன்றவர். ஒரு முறை ஐந்தாவதாக வந்தவர். நாற்பத்தைந்து ஆகிவிட்டால் அணியில் எடுப்பதில்லை. இதுதான் அவருக்குக் கடைசி வருடம்.

பெள்ளனின் பந்து சேற்றில் கிடந்தது. எடுத்துத் துடைத்தார். வளையத்துக்கு வெளியே வந்தார். கையைத் தோளுக்கு நேராக நீட்டிப் பந்தை விட்டார்.

மரத்துக்குப் பின்னால் நீதிபதி பேனாவைத் திறந்தார்.

பெள்ளன் மட்டையை மாற்றினார். காற்றைப் பார்த்தார். அடித்தார்.

நீதிபதி வெளியே வந்தார். “ஓர் அடி தண்டனை.”

“எதுக்குங்க?”

“பந்தைத் தோள்லேர்ந்து விட்டீங்க.”

பெள்ளன் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். பிறகு நீதிபதியை.

“அங்கேயா நின்னீங்க?”

“ஆமாம்.”

“இருபது வருஷப் பழக்கம் சார். கை தானா மேல போயிருது.” தன் கார்டை வைத்திருந்தவரிடம் போய், “ஒண்ணு சேர்த்துப் போடுங்க,” என்று அவரே சொன்னார்.

மாலையில் நீதிபதி நடந்ததை ஒன்று விடாமல் சுகிர்தாவிடம் சொன்னார்.

“தீர்ப்பு சரியா, டாக்டர்?”

“சரி.”

“ஓட்டை ஒண்ணும் இல்லையே?”

“இல்லை சார். எவ்வளவு தூரத்துல நின்னீங்க?”

“பத்தடி.”

“அவர் பந்தை விட்டதுக்கும் அடிச்சதுக்கும் நடுவுல?”

“ஒரு நிமிஷம் இருக்கும்.”

“அந்த ஒரு நிமிஷம் என்ன செஞ்சீங்க?”

“காத்திருந்தேன்.”

“எதுக்கு சார்?”

“நடுவுல பேசியிருந்தா தப்பே நடந்திருக்காதே, டாக்டர்.”

சுகிர்தா நீதிபதியின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்.

நீதிபதி அதைக் குடிக்கவில்லை. “ஒருத்தருக்கு மட்டும் முன்கூட்டியே சொன்னா அது பாரபட்சம். மத்த அம்பத்தொம்பது பேருக்கு யார் சொல்றது?”

“நாளைக்கு என்கூட நில்லுங்க,” என்றார் சுகிர்தா.

மறுநாள் சுகிர்தா மரத்தின் பக்கம் போகவில்லை. வளையத்தின் ஓரத்தில், எல்லாரும் பார்க்கும்படி, வெயிலில் நின்றார். பந்தை எடுத்துக்கொண்டு வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னார்.

“முட்டி உயரம் சார்.”

“முட்டி உயரம் தம்பி.”

இரண்டு முறை கோப்பை வென்ற ஒருவர் புருவத்தைத் தூக்கினார். “எனக்கேவா டாக்டர்? ரூல் புக்குல பாதியை நான் மனப்பாடமாச் சொல்வேன்.”

“இது மீதிப் பாதியில இருக்கு சார். முட்டி உயரம்.”

இன்னொருவர் சுகிர்தாவிடம் பல் பிடுங்கிக்கொண்டவர். “அங்கேயும் இப்படித்தான் முன்னாடியே சொல்வீங்க. அப்படியும் வலிச்சுது.”

“இங்கே வலிக்காது. குனிஞ்சு விடுங்க.”

நீதிபதி அருகில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். மதியம் இரண்டு மணிக்குள் முப்பத்து நான்கு பேர். அவர்களில் சிலரின் கை தோள் வரை போயிருந்தது. குரல் கேட்டுக் கீழே இறங்கியது.

“ஒன்பது,” என்றார் நீதிபதி.

“என்ன ஒன்பது சார்?”

“ஒன்பது வழக்கு. ஒண்ணுகூடப் பதிவாகலை.” அவர் குரல் தாழ்ந்திருந்தது. கோயிலுக்குள் பேசுவதுபோல.

அப்போது வாக்கி டாக்கி கரகரத்தது. ஐந்தாவது குழியில் பாம்பு ஒன்று பந்தின் மேல் படுத்திருந்தது. அது நகரும் உத்தேசத்தில் இல்லை. தலைமை நடுவர் வர வேண்டும்.

“பார்த்துக்குங்க சார்,” என்று சொல்லிவிட்டு சுகிர்தா போனார்.

அடுத்து வந்த மூவரில் பெள்ளன் ஒருவர். இன்னொருவர் ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர் சவரிராஜ். இருவரும் நான்காவது இடத்தில் சமமாக இருந்தார்கள். மூன்றாமவர் வெகு பின்னால் இருந்தார். அவருக்குக் கவலை இல்லை. இந்தக் குழியும் அடுத்த குழியும்தான் பாக்கி. பெள்ளனிடம் சவரிராஜின் கார்டு, சவரிராஜிடம் பெள்ளனின் கார்டு.

பெள்ளனின் பந்து நல்ல புல்லில், கொஞ்சம் முன்னால் கிடந்தது. சவரிராஜின் பந்து வளையத்துக்குள் விழுந்திருந்தது.

சவரிராஜ் அதை எடுத்துத் துடைத்தார். வெளியே வந்தார். கையைத் தோளுக்கு நேராக நீட்டினார். பந்தை விட்டார்.

நீதிபதி வாயைத் திறந்தார்.

சொன்னால் சவரிராஜ் பந்தை எடுத்துத் திரும்ப விடுவார். சொல்லாவிட்டால் சவரிராஜுக்கு ஓர் அடி கூடும். பெள்ளன் ஓர் அடி முன்னால் போவார். நேற்று மரத்துக்குப் பின்னால் நின்று பெள்ளனிடம் எடுத்துக்கொண்டது சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது. விதியும் மீறப்படாது.

நீதிபதி வாயை மூடினார்.

சவரிராஜ் மட்டையைத் தேர்ந்தெடுத்தார். பந்தின் முன்னால் காலை அகட்டி நின்றார்.

“சார், நில்லுங்க.”

பேசியது பெள்ளன். முன்னால் தன் பந்தருகே நின்றிருந்தவர் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார்.

“முட்டிலேர்ந்து விடணும் சார். தோள் இல்லை.”

சவரிராஜ் மட்டையை இறக்கினார். “அப்படியா மாத்திட்டாங்க?”

“மாத்தி ரொம்ப நாளாச்சு. நேத்து எனக்கு இங்கேதான் ஒண்ணு போச்சு. நீங்க இன்னும் அடிக்கலை, எடுத்துத் திரும்ப விட்டா ஒண்ணும் ஆகாது.”

சவரிராஜ் நீதிபதியைப் பார்த்தார். “சரிதானா சார்?”

“சரி,” என்றார் நீதிபதி. அன்று ஆட்டக்காரர்களிடம் அவர் பேசிய ஒரே வார்த்தை அது.

சவரிராஜ் குனிந்து முட்டி உயரத்திலிருந்து பந்தை விட்டார். அடித்தார். பந்து பள்ளத்தைத் தாண்டிப் போய்க் குழிக்கு அருகே, ஒரு கை தூரத்தில் நின்றது.

“நல்ல அடி சார்,” என்றார் பெள்ளன். பென்சிலை எடுத்து எதிராளியின் கார்டில் எழுதிக்கொண்டார். பிறகு தன் பந்தை நோக்கி நடந்தார்.

நீதிபதி தொப்பியைக் கழற்றினார். அந்த மூவரும் மேட்டைத் தாண்டி மறையும்வரை போட்டுக்கொள்ளவில்லை.

ஆட்டம் முடிந்தது. சவரிராஜ் நான்காவது. பெள்ளன் ஐந்தாவது. வித்தியாசம் ஓர் அடி.

சுகிர்தா கிளப் வராந்தாவில் அறுபது கார்டுகளையும் அடுக்கிக்கொண்டிருந்தார். நீதிபதி எதிரே வந்து நின்றார். உட்காரவில்லை.

“டாக்டர், சவரிராஜ் பந்தை விட்டப்ப நான் பேசலை.”

“ம்.”

“மறந்துபோய் இல்லை. யோசிச்சுத்தான் பேசலை.”

“ம்.”

“நேத்து பெள்ளன்கிட்ட எடுத்ததை இன்னிக்குத் திருப்பிக் கொடுத்துடலாம்னு நினைச்சேன்.”

“யாருடையதை எடுத்து சார்?”

மலையிலிருந்து மூடுபனி இறங்கிப் பதினெட்டாவது குழியின் கொடியை மறைத்தது.

“ரெண்டு நாளும் அந்த இடத்துக்கு நடுவர் நான்தான்,” என்றார் நீதிபதி கடைசியில். “ரெண்டு நாளும் நடுவர் இல்லாம போச்சு.”

சுகிர்தா கடைசிக் கார்டை அடுக்கின் மேல் வைத்தார்.

“நேத்துதான் இல்லை சார். இன்னிக்கு இருந்தார்.”

பரிசளிப்பு விழாவில் மாநில அணிக்குப் போகும் நான்கு பெயர்களை வாசிக்கும் பொறுப்பு, முன்னாள் நீதிபதி என்ற மரியாதைக்காக, தாணுமாலயனுக்குத் தரப்பட்டிருந்தது. முதல் மூன்று பெயர்களைக் கணீரென்று வாசித்தார். நான்காவது பெயர் மைக்கில் சொல்லியும் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள்.