தங்கக் கடிவாளத்துக்குக் கட்டிய பரிவட்டம்

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டை நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் முளைத்த ஆசை மத்தியானத்துக்குள் நிறைவேறாவிட்டால் யார் தலையாவது உருளும்.

அவருடைய வெள்ளைக் குதிரையை வளர்த்தவன் லாயக்காரன் செங்கோடன். நாலு பேர் முன்னால் ராஜா அவனை ஒருமுறை புகழ்ந்துவிட, அலங்கார அதிகாரி திருமேனிநாதருக்கு வயிறு எரிந்தது. தானும் பெயர் வாங்க வேண்டுமென்று ரத்தினம் பதித்த தங்கக் கடிவாளம் ஒன்றைச் செய்து குதிரைக்குப் பூட்டினார். பார்க்க அழகுதான். ஆனால் தலைக்கு மேல் போகும் வார் விரற்கடை அகலம்கூட இல்லை. காதுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தது. செங்கோடன் சொல்லிப் பார்த்தான். யார் கேட்டார்கள்?

ஊர்வலத்தன்று குதிரை தலையை உதறு உதறென்று உதறி, ராஜாவைப் பூக்காரியின் கூடையில் உட்கார வைத்துவிட்டது.

கடிவாளத்தில் குற்றமே இல்லை, செங்கோடன் செல்லம் கொடுத்துக் கெடுத்த குதிரை அது என்று திருமேனிநாதர் சபையில் சாதித்தார். குதிரையைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு மூட்டை சுமக்க அனுப்பும்படி ராஜா உத்தரவிட்டார். குட்டியாய் இருந்த நாளிலிருந்து அவன் தோளில் தலை வைத்துத் தூங்கிய குதிரை. செங்கோடன் வருத்தத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் கைகட்டி நின்றான்.

"மகாராஜா, குற்றமில்லாத கடிவாளம் செய்தவருக்கு இன்னும் மரியாதை செய்யவில்லையே. என் கையாலேயே பரிவட்டம் கட்ட உத்தரவாக வேண்டும்."

ராஜா சம்மதித்தார். சபை கலையும்வரை பரிவட்டத்தைத் தொடக்கூடாது, தொட்டால் ராஜாவை அவமதித்ததாகும் என்பது அந்நாட்டு வழக்கம். செங்கோடன் சரிகைத் துணியைக் கடிவாள வார் அளவுக்கு ஒல்லியாக முறுக்கி, திருமேனிநாதரின் காதுக்குப் பின்னால் கொடுத்து, நெற்றியில் இறுக்கி முடிந்தான். பிறகு கடிவாளத்தின் பெருமையைச் சபைக்கு எடுத்துச் சொல்லும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

அவருக்குச் சொல்லவா வேண்டும்? மடை திறந்தது போல ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு தடுமாறியது. தலையை இப்படி ஆட்டினார், அப்படி ஆட்டினார். தூணில் போய்க் காதைத் தேய்த்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் பரிவட்டத்தைப் பிடுங்கி எறிய, அது நேரே ராஜாவின் மடியில் போய் விழுந்தது.

"என்ன திமிர் உமக்கு?" என்றார் ராஜா.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா. காதுக்குப் பின்னால் உயிர் போகிறது."

செங்கோடன் மெல்லச் சொன்னான்: "குதிரை சொன்னதும் இதைத்தான் மகாராஜா. இவருக்குப் பிடுங்கி எறியக் கை இருக்கிறது. அதற்கு இல்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். குதிரை காளவாய்க்குப் போகவில்லை. காதடியில் வளைத்து வெட்டி, உள்ளே கம்பளி வைத்துத் தைத்த அகலமான தோல்வாரை அதற்குச் செய்து பூட்டும்படி செங்கோடனுக்கு உத்தரவாயிற்று. வாருக்கடியில் இரண்டு விரல் நுழைகிறதா என்று தினமும் காலையில் லாயத்துக்கு வந்து பார்ப்பது திருமேனிநாதரின் வேலையாயிற்று.

சபை கலைந்தது. ராஜா செங்கோடனை மட்டும் நிற்கச் சொன்னார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிரீடத்தைக் கழற்றினார். காதுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு தடம்.

"இதற்கும் கொஞ்சம் கம்பளி வைத்துத் தைப்பாயா?" என்றார். "யாரிடமும் மூச்சு விடாதே."