டேப் ஒட்டிய அறை

மலையடிவார மடத்துச் சாமியைக் கிருமி வாத்தியார் என்றால்தான் ஊரில் தெரியும். துறவுக்கு முன்னால் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தியவர். வயது நாற்பத்திரண்டுதான். அவரைவிடப் பத்து வயது மூத்த மங்கையர்க்கரசி ஆறு வருஷமாக அவருக்குச் சீடர். ஞாயிறு தவறாமல் போய், மடத்தைக் கூட்டிப் பெருக்கி, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வருவாள்.

மகன் கோமதிநாயகம் செத்துப்போன பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

பத்து மாதம் கழித்து ஒருநாள் போனாள். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் கேட்டுவிட்டாள்.

"சாமி, ஒரு ஆளோட வாசனையைப் போகாம வச்சுக்க முடியுமா?"

"யாரோட வாசனை?"

"கோமுவோடது. அவன் அறையை அன்னைக்கே பூட்டிட்டேன். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாத்துலயும் டேப் ஒட்டிட்டேன். சாவி ஓட்டையில மட்டும் மூக்கை வச்சுப் பார்ப்பேன். இருந்துச்சு சாமி. இப்ப வேற என்னமோ வாடை வருது. எதுவோ உள்ள போயி எம்பிள்ளையத் தின்னுது."

சாமி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, பார்ப்போம்."

வீட்டு வாசலில், ஸ்கூட்டர் கொட்டகையில் போட்டிருந்த கட்டிலில் அவள் கணவர் குற்றாலிங்கம் உட்கார்ந்திருந்தார். சாமியைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். மங்கையர்க்கரசி தூணைச் சுற்றிக்கொண்டு போவதுபோல அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து மாதமாக அவருக்கு அங்கேதான் படுக்கை. வேளாவேளைக்குச் சோற்றுத் தட்டை ஜன்னலில் வைப்பாள். பேச்சு கிடையாது. கோமுவுக்குக் காய்ச்சல் கண்ட அன்று, "சாதாரணக் காய்ச்சல்தான், கஷாயம் போதும்" என்று சொன்னவர் அவர். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். ஆறாம் நாள் எல்லாம் முடிந்துபோனது. அந்த ஒரு வார்த்தைக்காக அவரை அவளால் மன்னிக்க முடியவில்லை. அவராலும் தன்னை மன்னிக்க முடியவில்லை.

டேப்பை அவளே கிழித்தாள்.

ஐப்பசி மழையின் ஈரம் சுவரில் ஊறி, கூரைவரைக்கும் கறுப்பாகப் படர்ந்திருந்தது. கொடியில் கிடந்த சட்டையின் கழுத்தில் பூஞ்சை. தலையணையில் பச்சைப் பச்சையாகத் திட்டு. அவள் அதையும் பார்க்காமல் தலையணையை வாரி முகத்தில் புதைத்தாள். நனைந்த சாக்கு வாடைதான் ஏறியது. கோமு அதில் இல்லை.

"போயிட்டானே சாமி!"

செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. சாமி தடுக்கவில்லை. அவள் அழுது ஓயும்வரை சுவரோரம் நின்றார்.

"அம்மா, வாசனைன்னு நீங்க சொன்னது அவன் தோல்ல குடியிருந்த கிருமிகளோட வேலை. வேர்வையைத் தின்னு அதுக உண்டாக்குறது. ஆளுக்கு ஆள் மாறும். ஆள் போயிட்டா அதுகளுக்குச் சோறு இல்ல. கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அப்புறம் பட்டினிதான்."

"அப்ப இது?"

"ஈரத்துக்கு வந்தது. காலி வீட்டுல குடிவந்திருக்கு."

"நாந்தான் பூட்டிவச்சுக் கொன்னுட்டேனா?"

"பூட்டாட்டியும் போயிருக்கும்."

அதில் அவளுக்கு ஒரு ஆறுதலும் இல்லை. தலையணையை மடியில் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற எங்கயுமே மிச்சம் இருக்காதா சாமி?"

"உடம்போட உடம்பாப் புழங்கினவங்க தோல்ல அதுக கொஞ்சம் ஒட்டியிருக்கும், அவங்க வேர்வையிலயே பிழைச்சுக் கிடக்கும். அவன் யாரோட துணியை எடுத்துப் புழங்குவான்?"

"அவங்கப்பா துண்டைத்தான். குளிச்சிட்டு வந்தா அதைத்தான் உருவுவான். ரெண்டு தடியனுக்கு வீட்டுல வேற துண்டே இல்லையாக்கும்னு நான் ஏசாத நாள்..."



சாமி வெளியே போனார். அவளும் பின்னாலேயே போனாள். அவர் நேராகக் கொட்டகைக்குப் போய்க் கையை நீட்டினார்.

"தோள்ல கிடக்குற அந்தத் துண்டைத் தாங்க."

குற்றாலிங்கம் பதறிப்போனார். "அழுக்குத் துண்டு சாமி. ஒரே வேர்வை. துவைச்சது எடுத்துத் தாரேன்."

"இதுதான் வேணும்."

வாங்கிய துண்டை அவர் மங்கையர்க்கரசியின் கையில் வைத்தார்.

அவள் கொஞ்சநேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல முகத்துக்குக் கொண்டுபோனாள். பீடி வாடை. சோப்பு. வேர்வை. அதற்கெல்லாம் அடியில், இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவுக்கு, கோமு.

சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, துண்டை அவசர அவசரமாக நாலாக மடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். வரும்போது ஒரு கையில் பிளாஸ்டிக் கவர் இருந்தது, இன்னொரு கையில் டேப். பத்து மாதப் பழக்கம் அப்படி.

"இதுல போட்டு ஒட்டிட்டா எத்தனை நாள் இருக்கும் சாமி?"

"பத்து நாள் இருந்தா பெருசு."

"ஒட்டாட்டி?"

சாமி கொட்டகைப் பக்கம் திரும்பினார். குற்றாலிங்கம் வெறுந்தோளோடு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். பத்து மாதத்தில் இளைத்துப் பாதியாகியிருந்தார். அவள் அதை அப்போதுதான் பார்த்தாள்.

"அவர் தோள்லயே கிடந்தா, அவர் இருக்கிற மட்டும்" என்றார் சாமி.